துலக்காத காசுகள்

பழைய காசு விற்கும் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை எனக்கு அடுத்தபட்சம்தான். சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், பெனின்சுலா பிளாசா பக்கம் போனால் நான் முதலில் கேட்பது கல்லாவுக்குக் கீழே பிஸ்கட் டின்னிலோ பிளாஸ்டிக் தட்டிலோ கொட்டி வைத்திருக்கும் குவியலைத்தான். தேய்ந்தது, கறுத்தது, ஓட்டை போட்டது, விளிம்பு நசுங்கியது, யாரோ ஆணியால் கீறியது எல்லாம் அதில் கிடக்கும். உறை போட்டு, விலைச் சீட்டு ஒட்டி விற்கிற அளவுக்குத் தேறாது என்று ஒதுக்கியவை.

மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. நாணயச்சாலையில் ஒரே அச்சில் லட்சக்கணக்கில், ஒரே முகத்தோடு காசுகள் விழுகின்றன. அன்றைக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே சிரமம். ஒரு காசைத் தனிக் காசாக ஆக்குவது அதற்கப்புறம் அதன்மேல் நடந்தவைதான்: எத்தனை கை மாறியது, எங்கே அடைந்து கிடந்தது, யார் அதைச் சந்தேகப்பட்டார்கள், யார் அதைச் சாமிக்கு முன்னால் வைத்தார்கள். இவற்றைக் காசின்மேலேயே படிக்க முடியும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் எண் பார்த்து வாங்குபவர்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு தர அளவுகோலை வகுத்தார். இன்று உலகத்தின் எல்லா நாட்டுக் காசுகளுக்கும் அதுதான் பேச்சு. 70 என்றால் குறையே இல்லை, 1 என்றால் இன்ன காசு என்று தெரிகிறது, அவ்வளவுதான். தரக் கணிப்பு நிறுவனங்கள் காசைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, எண்ணை மேலே ஒட்டித் தருகின்றன. துலக்கியது, கீறியது, ஓட்டை போட்டது என்றால் எண் கிடையாது, ‘டீடெய்ல்ஸ்’ என்று மட்டும் போட்டுவிடுவார்கள். போலிகள் புழங்கும் சந்தையில் பெரிய பணம் போட்டு வாங்குபவருக்கு இது அவசியமான ஏற்பாடு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காசு நாணயச்சாலையை விட்டு எவ்வளவு விலகி வந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். எந்த வழியாக வந்தது என்பதற்கு அதில் இடம் இல்லை.

வெள்ளிக் காசு நிறம் மாறுவதை எடுத்துக்கொள்வோம். என்னிடம் 1926-ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) 10 காசு ஒன்று இருக்கிறது, சின்னது, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் உலோகத்தில் வெள்ளி 100-க்கு 60 பங்குதான், மீதி பெரும்பாலும் செம்பு. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் அடர் நீலம், அதற்கு உள்ளே ஊதா, அப்புறம் செம்பழுப்பு, நடுவில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கன்னத்தருகே வெளிர் மஞ்சள். நேராகப் பார்த்தால் வெறும் சாம்பல் பூத்த காசு. சாய்க்கும்போதுதான் வண்ணம் எழும். கடைக்காரர் இதை ‘அழுக்கு’ கூடையில் போட்டிருந்தார்.

காற்றில் மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து, மேற்பரப்பில் வெள்ளி சல்பைடுப் படலமாகப் படிகிறது. படலம் ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். அதன் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், ஊடுருவிப் போய் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் தூக்கலாகின்றன. மழை விட்ட பிறகு கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய் சிந்திய இடத்தில் வானவில் தெரியுமே, அதே கணக்கு. கனம் கூடக் கூட நிறம் ஓர் ஒழுங்கில் மாறும்: முதலில் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம், ஒரு வெளிறல், மறுபடி மஞ்சள், சிவப்பு, பச்சை. கடைசியில் கறுப்பு. இந்த வரிசை மாறாது. அதனால் என் 10 காசில் விளிம்பிலிருந்து நடுவுக்கு வரும்போது படலம் மெலிந்துகொண்டே வருகிறது என்று சொல்லிவிடலாம். காற்று ஓரத்திலிருந்துதான் உள்ளே போயிருக்கிறது. ஏதோ காகித உறையிலோ அட்டைக் குழியிலோ பல வருடங்கள் அசையாமல் இருந்த காசு அது.

இந்த வரிசையைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் ஒரு பெரிய லாபமும் உண்டு. டோனிங், அதாவது இப்படிப் படலம் படிந்து வந்த நிறம், உள்ள காசுக்கு இப்போது தனி மவுசு வந்துவிட்டதால், கந்தகக் கரைசலில் நனைத்தும் சூடு காட்டியும் வண்ணம் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவசரமாக வந்த வண்ணத்தில் மஞ்சளிலிருந்து நேராக நீலத்துக்குத் தாவல் இருக்கும், நடுவில் வரவேண்டிய செம்பழுப்பும் ஊதாவும் காணாது. வண்ணம் எழுத்துகளின் மேலும் இடுக்கிலும் ஒரே சீராக வழிந்திருக்கும். இயற்கையாக வந்ததில் எழுத்துகளைச் சுற்றி மெல்லிய வெளிச்சக் கோடு விட்டிருப்பதைப் பல காசுகளில் பார்க்கலாம். இந்தப் போலி வண்ணத்தை நான் தொடுவதில்லை. காசின்மேல் எதுவுமே நடக்காமல் நடந்ததுபோல் எழுதி வைத்த பொய்க் கணக்கு அது.

செம்புக் காசுக்கு வேறு பாதை. முதலில் செந்நிறம், பிறகு பழுப்பு, பிறகு சாக்லேட், வருடங்கள் போகப்போகக் கறுப்பு. சிங்கப்பூரில் இதெல்லாம் வேகமாக நடக்கும். ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல், விடியலுக்கு முன்னால் 90-ஐத் தாண்டும். சுற்றிலும் கடல், காற்றில் உப்பு. குளிர்நாட்டு அலமாரியில் 100 வருடம் செந்நிறம் மாறாமல் இருக்கிற செம்புக் காசு, இங்கே ஜன்னலோர மேசை இழுப்பறையில் சில வருடங்களிலேயே பழுத்துவிடும். ஆகவே இந்த ஊரில் புழங்கிய பழைய செம்புக் காசு பளபளவென்று இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். யாரோ துலக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்தவை சதுர ஒரு காசுகள். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் அரசு 1919-இல் ஒரு காசைச் சதுர வடிவத்துக்கு மாற்றியது. 1919, 1920, 1926 ஆகிய ஆண்டுகள் பொறித்தவை கிடைக்கும். பிறகு மலாயாவின் பெயரில் ஆறாம் ஜார்ஜ் காலத்திலும் எலிசபெத் காலத்திலும் சதுரம் தொடர்ந்தது, 1962-இல்தான் ஒரு காசு மறுபடி வட்டமானது. மூலைகள் மழுங்கலாக அடிக்கப்பட்டவைதான், ஆனாலும் பைக்குள் மற்ற காசுகளோடு உரசும்போது அடி வாங்குவது மூலைதான். என்னிடம் உள்ள 1920 காசு ஒன்றில் நான்கு மூலையும் நான்கு விதமாகத் தேய்ந்திருக்கின்றன. ஒன்றில் செம்பு தட்டையாக மழுங்கி வெளிர் பழுப்பாக மின்னுகிறது. எதிர்மூலையில் யாரோ எதையோ நெம்பித் திறந்ததுபோல் ஒரு வளைவு. மன்னரின் கிரீடத்து மணிகள் கரைந்து ஒரே கோடாகிவிட்டன, தாடி வெறும் மேடு. ஆனால் தேயாத பள்ளங்களில் ஊறியிருக்கும் கறுப்பு, மேட்டின் வெளிர் பழுப்புக்கு எதிராக நின்று, முகத்தைப் புதுக் காசில் தெரிவதைவிடத் தெளிவாகவே எடுத்துக் காட்டுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னப் பள்ளங்கள், எல்லாத் திசையிலும். இப்படித் திசையின்றிக் கிடக்கும் கீறல்கள் புழக்கத்தில் விழுந்தவை. ஒரே பக்கமாக, தலைமுடி இழைபோல் வரிசையாகப் போகும் கீறல்கள் துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்த்ததால் வந்தவை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிக்கொண்டால் பாதி வித்தை வந்த மாதிரி.

புதிய காலத்திலும் இதைப் பார்க்கலாம். 1967-இல் வெளிவந்த சிங்கப்பூரின் முதல் வரிசைக் காசுகளில் 5 காசில் பாம்புத்தாரா, 10-இல் கடற்குதிரை, 20-இல் வாள்மீன், 50-இல் சிங்கமீன். ஒரு காசில் மட்டும் ஓர் அடுக்குமாடி வீடும் நீரூற்றும். வெண்கலத்தில் அடித்த அந்த ஒரு காசு அழகாகக் கறுக்கும். 1976 முதல் அதையே எஃகின்மேல் செம்பு பூசி அடித்தார்கள், காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பூச்சு தேய்ந்த ஓரத்தில் உள்ளேயிருக்கும் இரும்பு துருப்பிடித்துச் செந்நிறப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். 2002-இல் ஒரு காசு வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் ஊறுகாய் ஜாடி நிறைய இவை இன்னும் கிடக்கின்றன. யாரும் தரம் பார்க்காத இந்த ஜாடிகளில்தான் வெண்கலத்தின் எல்லா நிறமும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கறுத்த உலோகத்தைப் பார்த்தால் தமிழ்க் கை சும்மா இருக்காது. செம்பு, பித்தளை என்றால் புளி. வெள்ளி என்றால் விபூதி. குத்துவிளக்கும் குங்குமச் சிமிழும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். பழைய காசு கையில் கிடைத்தால் செய்கிற முதல் காரியமும் அதுதான். புளியிலுள்ள அமிலம் செம்பின் மேல்படலத்தைக் கரைத்துவிடும், அதோடு காசின் சொந்த மேற்பரப்பும் கொஞ்சம் போகும். கிடைப்பது அரைநாள் செந்நிறம், பிறகு திட்டுத்திட்டாக ஒரு மங்கல். விபூதி மெல்லத்தான் உராயும். ஆனாலும் வருடக்கணக்கில் தேய்த்தால் எழுத்தெல்லாம் வழவழவென்றாகிவிடும். வியாபாரிகள் வெள்ளிக் காசை முக்கி எடுக்கும் அமிலக் கரைசலும் ஒவ்வொரு முக்கலுக்கும் ஒரு அடுக்கை எடுத்துக்கொள்கிறது. புதுக் காசைச் சுழற்றும்போது சக்கரம்போல் ஓடும் ஒளி, உலோகம் அச்சில் பாய்ந்த நுண்கோடுகளால் வருவது. அந்தக் கோடுகள் கரைந்துவிட்டால் காசு வெளுப்பாக இருக்கும், ஒளி ஓடாது. எந்தப் பாலிஷாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இந்த விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, நான் நிறைய யோசித்த சிக்கல். என் அத்தை வீட்டுப் பூஜை அறையில் ஒரு விக்டோரியா ரூபாய் இருக்கிறது. அவருடைய மாமியார் ஊரிலிருந்து கப்பலேறி வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது என்பார்கள். லட்சுமி படத்துக்கு முன்னால் சின்னத் தட்டில் அரிசிமேல் வைத்திருப்பார். விழா நாள் வந்தால் விபூதி போட்டு ஒரு துடைப்பு. மகாராணியின் முகம் கிட்டத்தட்ட இல்லை. நெற்றியும் மூக்கும் ஒரே சரிவாகிவிட்டன, நகைகள் போட்ட மார்புப் பகுதியில் மட்டும் கொஞ்சம் வேலைப்பாடு மிச்சம். எழுத்துகளின் இடுக்கில் குங்குமம் இறுகிக் கிடக்கிறது, ஆண்டைக் காட்டும் எண்களைச் சுற்றி மஞ்சள் கறை. நான் ஒருமுறை, “அத்தை, துலக்காம வெச்சா நல்லாருக்குமே” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அழுக்கோட சாமிகிட்ட வைக்க முடியுமாடா?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை. சந்தைக் கணக்கில் அது துலக்கிக் கெடுத்த காசு. ஆனால் அந்தத் துலக்கல் விற்பதற்காகச் செய்தது அல்ல. 1920 காசு மற்ற காசுகளோடு உரசித் தேய்ந்ததுபோல, இது ஒரு குடும்பத்தின் விரல்களில் தேய்ந்திருக்கிறது. தேய்மானத்தை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, சட்டைப் பையின் தேய்மானத்துக்கு மதிப்புக் கொடுத்து, பூஜைத் தட்டின் தேய்மானத்தைக் குறை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வாங்கும்போது நான் பார்ப்பதும் இப்போது இதைத்தான்: இந்தத் தழும்பு காசைக் காசாகவோ பொருளாகவோ பயன்படுத்திய கையால் வந்ததா, விலை ஏற்ற நினைத்த கையால் வந்ததா? முதலாவது என்றால் எடுத்துக்கொள்வேன். பல நேரம் பதில் உறுதியாகத் தெரியாது. அப்போது கடைக்காரரிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பேன்.

காசுமாலையில் கோத்த காசுகளும் இந்த வகைதான். 1903-இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் ஒன்று என்னிடம் உண்டு, ஏழாம் எட்வர்டின் தலைக்கு மேலே விளிம்பில் பற்றாசு வைத்த அடையாளம். வளையத்தைப் பிற்பாடு யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள். இந்த டாலருக்கே ஒரு சுருக்கமான ஆயுள்தான். 26.95 கிராம் எடையோடு வந்தது. வெள்ளி விலை ஏறி, காசை உருக்கினால் லாபம் என்ற நிலை வந்ததும் 1907-இல் 20.21 கிராமுக்குக் குறைத்துவிட்டார்கள். பெரிய டாலர்களைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1919, 1920 டாலர்களில் வெள்ளி பாதிதான். அப்படி உருக்கு உலைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பெரிய டாலர், யாரோ ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்கியதால் தப்பியிருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. பற்றாசுத் தழும்பு இல்லாத டாலரை இதற்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார், மாட்டேன் என்றுவிட்டேன்.

சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும் வரை, அங்கே தார்ப்பாய் விரித்துக் காசு விற்ற பெரியவர் ஒருவரிடம் நிறையக் கற்றுக்கொண்டேன். பழைய சேஞ்ச் அலியில் காசு மாற்றும் கடையில் இளவயதில் வேலை பார்த்தவர், ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். எடை பார்க்கும் முன்னால் காதால் பார்ப்பார். டாலரை விரல் நுனியில் சமன்செய்து நிறுத்தி, இன்னொரு காசால் லேசாகத் தட்டுவார். நல்ல வெள்ளி நீளமாக இழுத்துப் பாடும். ஈயம் கலந்த போலி ‘டொக்’கென்று நின்றுவிடும். “இதைக் கேளுங்க தம்பி” என்று என் டாலரையும் தட்டிக் காட்டினார். பற்றாசு வைத்த டாலர் சீக்கிரம் அடங்கும், ஆனால் பொய் ஒலி இல்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட அவர் காதால் பிடித்துவிடுவார்.

அவரிடம்தான் முத்திரை குத்திய டாலர்களை முதலில் பார்த்தேன். பிரிட்டிஷ் வணிக டாலர் 1895 முதல் கிழக்கு நாடுகளின் வாணிபத்துக்காகவே அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் சூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா, மறுபக்கம் சீன எழுத்திலும் ஜாவியிலும் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) ‘ஒரு டாலர்’. 1904-இல் செல்லாது என்று ஆக்கும் வரை இவையும் மெக்சிகோ டாலர்களும் சிங்கப்பூரில் புழங்கின. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் கணக்குப் பார்த்து அடுக்கிய வெள்ளியில் இவையும் இருந்திருக்கும். சீன வணிகர்களும் காசு சோதிப்பவர்களும் டாலர் கையில் வந்ததும் சோதித்து, நல்லது என்றால் தங்கள் சின்னத்தைக் குத்திவிடுவார்கள். அடுத்தவர் கையில் அது போலி என்று தெரிந்தால் குத்தியவர் பொறுப்பு. ஒரு டாலரில் ஒரே ஒரு சிறு எழுத்து இருக்கும், இன்னொன்றில் பிரிட்டானியாவே தெரியாதபடி முத்திரைமேல் முத்திரை. நிறையக் குத்து வாங்கிய டாலர் நடுவில் குழிந்து, சின்னக் கிண்ணம்போல் வளைந்துவிடும். அதை அப்புறம் எடை போட்டுத்தான் வாங்குவார்கள்.

ஒரு காலத்தில் இதெல்லாம் சேதம். இன்று தரக் கணிப்பு நிறுவனங்களே ‘சாப் மார்க்’ என்று குறித்து எண் போடுகின்றன, அவற்றை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காசு மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறினார்கள்.

முத்திரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் புதுக்கோட்டைப் புதையல் ஞாபகம் வரும். 1898-இல் அங்கே 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே வேண்டுமென்றே ஒரு வெட்டு. திபேரியஸானாலும் நீரோவானாலும் தலைமேல் ஒரு உளிக்கோடு. எடை குறைந்த காசைப் புழக்கத்திலிருந்து விலக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம், வேறு விளக்கங்களும் சொல்கிறார்கள். எதுவானாலும் அந்த வெட்டு இல்லையென்றால் அவை ரோமானியக் காசுகள், அவ்வளவுதான். வெட்டு இருப்பதால்தான் தமிழ்நாட்டில் ஒரு கை அவற்றை எடுத்து, யோசித்து, ஒரு முடிவெடுத்தது என்பது தெரிகிறது. எனக்கு அந்தக் கைதான் முக்கியம்.

எல்லாக் குறையையும் கொண்டாட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சில குறைகள் காசைத் தின்கின்றன. செம்பிலும் வெண்கலத்திலும் வெளிர்பச்சையாக, மாவுபோல் உதிரும் பொடி கிளம்பினால் அதை டோனிங் என்று ரசித்துக்கொண்டிருக்கக் கூடாது. உப்பிலிருந்து வந்த குளோரைடு உலோகத்துக்குள் இருந்துகொண்டு, ஈரமும் காற்றும் கிடைக்கும்போதெல்லாம் அமிலமாகி, இன்னும் செம்பைக் கரைத்து, மறுபடி அமிலமாகும். நிற்காத சுழற்சி. இறுகி வழவழப்பாக ஒட்டிக்கிடக்கும் பச்சைக் களிம்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பல்குச்சியால் தொட்டால் உதிர்கிறது, மறுநாள் மறுபடி பூக்கிறது என்றால் அது நோய். அந்தக் காசை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அநேகமாக அடங்கிவிடும். இங்கே கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் டிரை கேபினெட் காசுக்கும் நன்றாக உதவும்.

இன்னொன்று, மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் உறை. பிவிசி உறைகள் நம் வெப்பத்தில் சில வருடங்களில் கசிய ஆரம்பிக்கும், காசின்மேல் பிசுபிசுவென்று பச்சை ஒட்டும். தூய அசிட்டோனில் அலசினால் அது போகும், உலோகத்துக்கு அசிட்டோனால் கெடுதல் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். மொடமொடவென்று இருக்கும் மைலார் உறையும், மைலார் ஜன்னல் வைத்த அட்டையும் போதும். ரப்பர் பேண்டு போட்டுக் காசுக் கட்டு வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளிமேல் கறுப்புக் கோடு போட்டுவிடும். அப்படிக் கோடு விழுந்த 1943-ஆம் ஆண்டு மலாயா 20 காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. மன்னரின் காதுக்குக் கீழே நேர்கோடாகக் கறுப்பு, இரண்டு பக்கமும் அதற்கு நீல ஓரம். அதைப் பிரித்து ரசிக்கிறேன், ஆனால் வேண்டுமென்று இன்னொரு காசுக்கு அந்தக் கதியை உண்டாக்க மாட்டேன்.

சமீப காலமாக நான் அதிகம் தேடுவது டோக்கன்களை. அரசுக் காசைவிட இவற்றில்தான் மனிதத் தவறுகள் அதிகம், ஆகவே ருசியும் அதிகம். இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் கொழும்புக் காப்பி ஆலைகளிலும் கூலிக்குக் கொடுத்த பித்தளை, செம்பு வில்லைகள் சில சமயம் இங்கே வருகின்றன. தோட்டத்தின் முதலெழுத்துகள் இருக்கும், பல எழுத்துகள் விரலால் தடவினால்தான் தெரியும். அந்தத் தோட்டங்களில் காய் பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1869-இல் இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின. அந்த வில்லைகள் மிஞ்சின. இவற்றைச் சுத்தமாக, புதிதாகப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. பெட்டியிலேயே கிடந்து யார் கைக்கும் போகாத வில்லை என்றுதான் படும்.

சிங்கப்பூருக்கே சொந்தமானது சேவல் டோக்கன். ஆங்கிலேயர் ஆட்சி ஆரம்பமான காலத்தில் இங்கே சில்லறைத் தட்டுப்பாடு. வணிகர்கள் பர்மிங்காமில் கெப்பிங் என்ற செம்புச் சில்லறைகளை அடித்து வரவழைத்தார்கள். ஒரு பக்கம் சேவல், அதோடு ஜாவியில் ‘தானா மெலாயு’, அதாவது மலாய் நாடு. மறுபக்கம் மதிப்பும் ஹிஜ்ரி 1247 என்ற ஆண்டும், நம் கணக்கில் 1831-32. பிறகு அடித்தவற்றிலும் அதே ஆண்டைத்தான் போட்டார்கள். அச்சுக்கு அச்சு சேவல் மாறும். ஒன்றில் வால் நிமிர்ந்திருக்கும், ஒன்றில் கால் தடித்திருக்கும், இன்னொன்றில் கொண்டை சப்பென்று இருக்கும். என்னிடமிருப்பதில் சேவலின் மார்பு முழுக்கத் தேய்ந்து செம்பு பளிச்சிடுகிறது, வால் இறகுகளின் நடுவில் கறுப்பு, காலடியில் அச்சு விரிசலால் வந்த ஒரு மெல்லிய மேட்டுக்கோடு. அந்தக் கோடு, அச்சுக்கட்டை அன்றைக்கே உடைய ஆரம்பித்திருந்தது என்பதைச் சொல்கிறது.

பர்மிங்காம் அச்சுக்காரருக்கு அரபு எண்கள் தெரியாது. பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார். 1247 என்று இருக்கவேண்டிய இடத்தில் 1411 என்று வெட்டிய ரகம் ஒன்று உண்டு. ஹிஜ்ரி 1411 என்பது 1990-91. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் புழங்க வந்த சில்லறை, நான் பார்த்து வளர்ந்த காலத்தின் தேதியைச் சுமந்துகொண்டு சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கை மாறியிருக்கிறது. வாங்கியவர், கொடுத்தவர் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, சேவல் இருந்தால் போதும்.

அந்த 1411 என்னிடம் இன்னும் இல்லை. கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன். சேவல் எவ்வளவு தேய்ந்திருந்தாலும், எவ்வளவு கறுத்திருந்தாலும் பரவாயில்லை, ஆண்டு எண்ணின் கடைசி இரண்டு ஒன்றுகள் படிக்கிற மாதிரி இருந்தால் எடுத்து வையுங்கள் என்று. கூடவே ஒன்றும் சொல்லியிருக்கிறேன்: எனக்குக் காட்டுவதற்காகத் துடைக்க வேண்டாம்.